‘பேக்கப் எடுத்தாச்சு’ என்ற வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்: குமரி மாவட்டப் பள்ளி, கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்கள், முதல்வர்கள், தலைமை ஆசிரியர்கள், அலுவலகக் கண்காணிப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

துலாமழை இடியோடு இறங்கும் மாதங்களில் நம் மாவட்டத்துக் கணினி ஆய்வகங்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. மின்கம்பி வழியாக மட்டுமல்ல, கட்டடத்துக்குக் கட்டடம் இழுத்த நெட்வொர்க் கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். ஸ்விட்ச் போகும், அதோடு நாலைந்து கணினிகளின் லேன் போர்ட்டும் ஹார்ட் டிஸ்க்கும் போகும். செய்முறைத் தேர்வு நெருங்கும்போதுதான் எல்லோருக்கும் இது கண்ணில் படும். பிறகு ஒவ்வொரு கணினியாக ஓ.எஸ். போட்டு, டிரைவர் தேடி, பைத்தான், டெவ் சி++, பிஎச்பிக்கு சாம்ப், தமிழ் எழுத்துரு, பிரிண்டர் என்று ஏற்றி முடிக்க ஒரு கணினிக்கு அரை நாள் ஆகிவிடும். முறையாக எடுத்த ஒரு டிஸ்க் இமேஜும் (ஓ.எஸ்., மென்பொருள் எல்லாம் சேர்ந்த டிஸ்க்கின் முழு நகல்), கணினியைத் தானே தொடக்கும் ‘பூட் ஆகும்’ பென் டிரைவ் ஒன்றும் கையில் இருந்தால் அதே வேலை அரை மணி நேரத்தில் முடியும்.

ஆனால் இந்த மடல் பேக்கப் எடுக்கச் சொல்வதற்கு அல்ல. ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) பில்லில் ‘பேக்கப் எடுக்கப்பட்டது’ என்ற வரி பல ஆண்டுகளாக இருந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பேக்கப்பைத் திரும்ப ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். எங்களைப் போன்ற சர்வீஸ் ஆட்களிடம் எதைக் கேட்க வேண்டும், கேட்டால் என்ன பதில் வர வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். ஆய்வக ஆசிரியர்கள் அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளிகளின் ஹைடெக் ஆய்வகங்களில் மட்டும் மேலிட அனுமதி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. 32 ஜிபி பென் டிரைவ் இரண்டு, 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஆய்வகத்தில் இன்னும் பழைய 100 எம்பி (மெகாபிட்) ஸ்விட்ச் இருந்தால் அதற்குப் பதில் ஒரு கிகாபிட் ஸ்விட்ச். பென் டிரைவைப் பெயர் தெரிந்த கம்பெனியாகப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். 64 ஜிபி என்று காட்டிவிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. அவை கோப்புகளை வாங்கிக்கொள்ளும், திரும்பத் தராது. வாங்கியதும் முழுக்க எழுதி முழுக்கப் படித்துப் பார்க்கும் சோதனை மென்பொருளை ஒருமுறை ஓடவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இமேஜ் எடுக்க நாங்கள் பரிந்துரைப்பது க்ளோன்சில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. டிஸ்க்கில் எழுதப்பட்ட பகுதியை மட்டும் படித்துச் சுருக்கி வைக்கும். அதனால் 500 ஜிபி டிஸ்க்கில் 40 ஜிபி தான் நிரம்பியிருந்தால் இமேஜ் 20 முதல் 25 ஜிபிக்குள் அடங்கிவிடும். கோஸ்ட் என்ற பழைய இமேஜ் மென்பொருளை வைத்து ‘கோஸ்ட் அடிக்கிறது’ என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு வருவார்கள். அந்தப் பழைய சிடியில் இருப்பது பெரும்பாலும் திருட்டுப் பிரதி. போதாக்குறைக்கு, யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகும் இன்றைய கணினிகளுக்கு அது சரிவராது.

இரண்டு பென் டிரைவையும் ஒரே மாதிரி செய்யாதீர்கள். முதலாவதில் ஒரே பென் டிரைவிலிருந்து பலவற்றை பூட் செய்ய உதவும் வென்டாய் நிறுவி, அதற்குள் க்ளோன்சில்லாவின் இரண்டு ஐஎஸ்ஓ (பூட் சிடியின் முழு நகல்) கோப்புகளையும் போடுங்கள்: டெபியன் அடிப்படையிலானது ஒன்று, உபுண்டு அடிப்படையிலானது ஒன்று. புதிய மதர்போர்டின் லேன் கார்டை ஒன்று கண்டுபிடிக்காவிட்டால் மற்றது கண்டுபிடிக்கக்கூடும். விண்டோஸ் நிறுவும் ஐஎஸ்ஓவையும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டையும் அதிலேயே காப்பி செய்துகொள்ளலாம். வென்டாயில் ஒவ்வொரு முறையும் பென் டிரைவை எழுத வேண்டியதில்லை, கோப்பைப் போட்டாலே மெனுவில் வந்துவிடும். ஒரே தொல்லை, செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) இயக்கத்தில் உள்ள கணினியில் முதல் முறை செருகும்போது நீலத் திரை வந்து சாவியைப் பதிவுசெய்யச் சொல்லும். ‘என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்’ தேர்ந்தெடுத்து, வென்டாயின் சான்றிதழ்க் கோப்பைக் காட்டி ரீபூட் செய்ய வேண்டும். இதை ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை செய்தாக வேண்டும். இரண்டாவது பென் டிரைவில் ரூஃபஸ் என்ற எழுதும் மென்பொருள் வழியாக க்ளோன்சில்லாவை மட்டும் தனியாக எழுதுங்கள். வென்டாய் அடம்பிடிக்கும் கணினியில் இது நேராக பூட் ஆகும். எழுதுமுன் ஐஎஸ்ஓ கோப்பின் ஷா256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடு பல நேரம் ‘பென் டிரைவ் கேடு’ என்று தவறாகப் பெயர் வாங்குகிறது.

மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதிய பென் டிரைவை ‘நல்லாத்தானே இருக்கு’ என்று மேசையில் வைத்திருக்கும் ஆய்வகங்களுக்குத் தனியாக ஒரு செய்தி. 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட், பாதுகாப்புக் குறையுள்ள பழைய லினக்ஸ் பூட்லோடர்களை, அதாவது ஓ.எஸ்.ஸைத் தொடக்கிவைக்கும் நிரல்களை, தடைப்பட்டியலில் சேர்த்தது. அந்த அப்டேட் ஏறி, செக்யூர் பூட் இயக்கத்தில் உள்ள கணினியில் பழைய பென் டிரைவைச் செருகினால் ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று காட்டிவிட்டுக் கணினி அணைந்துவிடும். பென் டிரைவில் பழுது எதுவும் இல்லை; அதிலுள்ள பதிப்புதான் பழசு. மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டு செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலமும் 2026 ஜூனில் தொடங்கி முடிவுக்கு வருகிறது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, கல்வியாண்டு தொடக்கத்தில், இரண்டு பென் டிரைவையும் புதிய பதிப்பால் எழுதிவிடுங்கள்.

எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவை வரவைக்கும் விசையின் பெயரை எழுதி ஒவ்வொரு கணினியின் மீதும் ஒட்டி வையுங்கள். எச்பியில் எஃப்9, டெல்லிலும் லெனோவாவிலும் எஃப்12, அசெம்பிள் செய்தவற்றில் ஆசஸ் போர்டுக்கு எஃப்8, கிகாபைட்டுக்கு எஃப்12, எம்எஸ்ஐக்கு எஃப்11. ஏசரில் எஃப்12 பல நேரம் வேலை செய்யாது. பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் அதை இயக்க வேண்டும். அப்படியே பயாஸ் கடவுச்சொல்லையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். போட்டவர் வேலையை விட்டுப் போயிருப்பார், கடவுச்சொல் அவரோடு போயிருக்கும்.

இனி மூலக் கணினி. எந்தக் கணினியிலிருந்து இமேஜ் எடுக்கிறோமோ அதைத் தயாரிப்பதில்தான் முக்கால்வாசி வேலையும் இருக்கிறது. கெட்டுப்போகும் இமேஜ்களில் பெரும்பாலானவை கெடுவதும் இங்கேதான்.

ஆய்வகத்தில் எதன் டிஸ்க் ஆகச் சிறியதோ அதையே மூலமாக வையுங்கள். 256 ஜிபி எஸ்எஸ்டியில் எடுத்ததை 240 ஜிபி எஸ்எஸ்டியில் ஏற்றப் போனால், நிரம்பியிருப்பது 40 ஜிபி தான் என்றாலும் க்ளோன்சில்லா ‘டிஸ்க் போதாது’ என்று நின்றுவிடும். சிறியதிலிருந்து பெரியதற்கு ஏற்றுவதில் சிக்கல் இல்லை. எக்ஸ்பெர்ட் முறையில் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த பகுதியை) விகிதப்படி விரிக்கும் ‘கே1’ தேர்வைக் கொடுத்தால் போதும். அதைக் கொடுக்காமல் பிறகு விண்டோஸுக்குள் சி டிரைவை விரிக்கப் பார்த்தால், அதற்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷன் வழிமறிக்கும்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால் உண்மையில் பாதித் தூக்கத்துக்குத்தான் போகிறது. டிஸ்க் பூட்டியபடியே கிடக்கும். அந்த நிலையில் இமேஜ் எடுத்தால் க்ளோன்சில்லா மறுக்கும், அல்லது எடுத்த இமேஜ் நம்பத் தகுந்ததாக இருக்காது. பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு, ஷிஃப்ட் சாவியை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணையும்.

டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இன்னும் வம்பானது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் நம்மைக் கேட்காமலே டிஸ்க் குறியாக்கம் ஆகிவிடும். அப்படிப்பட்ட டிஸ்க்கில் எது எழுதிய பகுதி, எது காலி என்று க்ளோன்சில்லாவுக்குத் தெரியாது. 256 ஜிபியையும் ஒரு பிட் விடாமல் அப்படியே எடுக்கும். 25 ஜிபி வர வேண்டிய இமேஜ் 230 ஜிபி வரைகூடப் போகலாம். அதை வேறொரு கணினியில் ஏற்றினால் 48 இலக்க ரெக்கவரி சாவியைக் கேட்டு நிற்கும். இமேஜ் அளவு வழக்கத்துக்கு மீறிப் பெரிதாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பிட்லாக்கரை அணைத்து, குறியாக்கம் முழுதும் நீங்கும்வரை காத்திருந்து பிறகு எடுங்கள்.

கடைசியாக சிஸ்பிரெப், அதாவது இமேஜ் எடுக்குமுன் அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி. ‘அதெல்லாம் வேண்டாம் சார், அப்படியே குளோன் பண்ணிடலாம்’ என்று சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. ரொம்ப நாள் அது ஓடியது. அப்படியே குளோன் செய்தால் எல்லாக் கணினிகளுக்கும் உள்ளே ஒரே பாதுகாப்பு அடையாள எண்தான் இருக்கும். 2025 ஆகஸ்ட் இறுதிக்குப் பிறகு வந்த அப்டேட்டுகளிலிருந்து, விண்டோஸ் 11-இன் 24எச்2, 25எச்2 பதிப்புகள் இந்த எண்ணைச் சோதிக்கின்றன. ஒரே எண் உள்ள இரண்டு கணினிகள் ஒன்றையொன்று ஏற்க மறுக்கும். பகிர்ந்த ஃபோல்டர் திறக்காது, ரிமோட் டெஸ்க்டாப் போகாது, சரியான கடவுச்சொல்லையே தவறு என்று சொல்லும். ஆய்வகத்தில் ‘நேத்துவரைக்கும் ஷேரிங் வேலை செஞ்சுது’ என்ற புகார் கூட்டமாக வந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வழி இதுதான். எல்லா மென்பொருளையும் ஏற்றி, அப்டேட் முடித்து, சிஸ்பிரெப் ஓட்டுவதற்கு முன் ஒரு இமேஜ் எடுத்து வையுங்கள். இது மூலப் பிரதி. அடுத்த ஆண்டு மாற்றங்கள் செய்ய இதிலிருந்து தொடங்கலாம். பிறகு சிஸ்பிரெப் திறந்து, ‘அவுட் ஆஃப் பாக்ஸ்’ தேர்வோடு ‘ஜெனரலைஸ்’ டிக் செய்து, ரீபூட்டுக்குப் பதில் ஷட்டவுன் கொடுங்கள். அணைந்த கணினியைத் திரும்ப விண்டோஸுக்குள் விடாமல் நேராகப் பென் டிரைவில் பூட் செய்து இரண்டாவது இமேஜ் எடுங்கள். ஒருமுறை விண்டோஸ் எழுந்துவிட்டால் சிஸ்பிரெப் செய்தது வீண். பயனர் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து தனக்கு மட்டும் ஏற்றிக்கொண்ட செயலிகள் இருந்தால் சிஸ்பிரெப் பாதியில் நின்றுவிடும். பிழைப்பதிவில் செயலியின் பெயர் இருக்கும், அதை நீக்கிவிட்டுத் திரும்ப ஓட்டலாம். பிட்லாக்கர் அணையாமல் இருந்தாலும் நிற்கும்.

உரிமம் பற்றி ஒரு சொல்: ஒரே விண்டோஸ் இமேஜை எல்லாக் கணினிகளிலும் ஏற்ற, வால்யூம் லைசென்ஸ் (நிறுவனத்துக்கு மொத்தமாக வாங்கும் உரிமம்) இருக்க வேண்டும். ஆடிட்டர் கேட்கும்முன் நீங்களே கேட்டுவிடுங்கள்.

இமேஜை எங்கே சேமிப்பது? எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நேராகச் சேமிக்கலாம். அதைக் கணினியின் முன்பக்க போர்ட்டில் செருகாமல் பின்பக்கத்து நீல நிற போர்ட்டில் செருகுங்கள். முன்பக்கக் கம்பியில் மின்சாரம் போதாமல் பாதி வழியில் டிஸ்க் துண்டித்துக்கொள்வது அன்றாடம் நடக்கிறது. நெட்வொர்க் வழியாக என்றால் ஆய்வகத்தில் ஒரு கணினியில் ஃபோல்டர் ஒன்றைப் பகிர்ந்து, அதற்கென்று கடவுச்சொல்லோடு தனிப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள். க்ளோன்சில்லாவில் ‘டிவைஸ் இமேஜ்’, பிறகு ‘சாம்பா சர்வர்’ தேர்ந்தெடுத்து ஐபி முகவரி, பயனர் பெயர், ஃபோல்டர் பெயர் கொடுத்தால் இணைந்துவிடும். மவுன்ட் எரர் 13 வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 112 வந்தால் எஸ்எம்பி (ஃபோல்டர் பகிரும் நெறிமுறை) பதிப்பு ஒத்துவரவில்லை, 3.0 என்று மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் இல்லாமல் சும்மா காத்துக்கொண்டே இருந்தால், பகிரும் கணினியில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்து ஃபயர்வால் தடுக்கிறது. ‘பிரைவேட்’ ஆக்குங்கள்.

‘சேவ் டிஸ்க்’ மட்டுமே எடுக்கச் சொல்லுங்கள். சி பார்ட்டிஷனை மட்டும் எடுத்துவைத்தால், புது எஸ்எஸ்டி போடும் நாளில் பூட் தகவல் இருக்கும் 100 எம்பி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இல்லாமல் கணினி எழாது. பெயர் வைக்கும்போது ஆய்வகம், கணினி மாடல், தேதி மூன்றும் வரட்டும். ‘நியூ1’, ‘ஃபைனல்’ என்ற பெயர்களில் கிடக்கும் இமேஜை ஒரு வருடம் கழித்து யாரும் தைரியமாக ஏற்ற மாட்டார்கள். எடுக்கத் தொடங்குமுன்னரே ‘எடுத்து முடிந்ததும் இமேஜைச் சோதிக்கவா’ என்று கேட்கும். சில நிமிடங்கள்தான், ஆம் என்று கொடுக்க வேண்டும்.

இமேஜ் திரும்ப ஏற்றும்போது நடக்கும் பெரிய விபத்து ஒன்று உண்டு. க்ளோன்சில்லா டிஸ்க்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்று காட்டும். பென் டிரைவ் செருகியிருக்கும்போது எது எதுவாக மாறும் என்று சொல்ல முடியாது. எழுத்தைப் பார்க்காதீர்கள், டிஸ்க்கின் அளவையும் சீரியல் எண்ணையும் பாருங்கள். இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திய பின்தான் அழிக்கும், அந்த இரண்டு முறையும் கை பழக்கத்தில் தானாக ‘ஒய்’ அடித்துவிடும். ‘ரீஸ்டோர் டிஸ்க்’ என்றால் டி டிரைவும் சேர்ந்தே போகும் என்பதையும் மறக்க வேண்டாம். மாணவர்களின் செய்முறைக் கோப்புகள் அங்கே இருந்தால் முதலில் அதை நகலெடுங்கள். இமேஜ் என்பது ஓ.எஸ்.ஸுக்கும் மென்பொருளுக்கும் மட்டும்தான். அலுவலகத்து டேலி தரவு, கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் அன்றாட நகல் தனியாக வேண்டும்.

20 கணினிகளையும் ஒரே நேரத்தில் ஏற்ற, க்ளோன்சில்லாவிலேயே ‘லைட் சர்வர்’ இருக்கிறது. ஒரு கணினி சர்வராகும். மற்றவை பென் டிரைவ் வழியாகவோ லேன் வழியாகவோ பூட் ஆகி அதனோடு சேரும். மல்டிகாஸ்ட் தேர்ந்தெடுத்தால் இமேஜ் கேபிளில் ஒருமுறைதான் ஓடும், எல்லாக் கணினிகளும் அதையே பிடித்துக்கொள்ளும். கிகாபிட் ஸ்விட்சில் 25 ஜிபி இமேஜ் 10 நிமிடத்தை ஒட்டி முடியும். 100 எம்பி ஸ்விட்சில் வினாடிக்கு 11 மெகாபைட்தான் நகரும், 40 நிமிடத்தை ஒட்டிப் பிடிக்கும். தனித்தனியாக 20 கணினிகளுக்கும் சர்வரிலிருந்து இழுத்தால் 500 ஜிபி ஓட வேண்டும். கிகாபிட்டிலும் ஒன்றேகால் மணி நேரம்.

மல்டிகாஸ்ட்டில் ஆக மெதுவான கணினியின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடியை எலி கடித்திருந்தாலோ, பிளக்கில் சரியாக அழுந்தாமல் இருந்தாலோ அந்த இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். சாதாரண நாளில் யாருக்கும் தெரியாது. இமேஜ் ஏற்றும் நாளில் ஆய்வகமே நொண்டும். ஸ்விட்சின் விளக்கு நிறத்தைப் பார்த்து அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு மற்றவற்றை ஏற்றுங்கள். அதுபோல, 20 கணினிகளுக்குக் காத்திரு என்று சொல்லிவிட்டு 19 மட்டும் இணைந்தால் சர்வர் அசையாமல் உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கையோடு நேர வரம்பும் சேர்ந்த தேர்வைக் கொடுங்கள். இணைய மோடத்திலிருந்து ஆய்வக ஸ்விட்சுக்கு வரும் கேபிளை வேலை முடியும்வரை உருவிவிடுங்கள்; இல்லையென்றால் மோடமும் லைட் சர்வரும் போட்டிபோட்டு ஐபி முகவரி கொடுத்து, பாதிக் கணினிகள் லேன் பூட் ஆகாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

ஏற்றி முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். உபுண்டு இருக்கும் ஆய்வகங்களில், இமேஜ் எடுக்குமுன் கணினியின் அடையாள எண் இருக்கும் மெஷின் ஐடி கோப்பைக் காலி செய்யாவிட்டால் பல கணினிகள் ஒரே ஐபி முகவரிக்கு அடித்துக்கொள்ளும்.

எடுத்த இமேஜை எங்கே பூட்டிவைப்பது என்பது நம் மாவட்டத்தில் சாதாரணக் கேள்வியல்ல. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலையும், 2023 டிசம்பர் மழைவெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று பள்ளியில் இருக்கட்டும், தரைத்தளத்தில் வேண்டாம். மற்றது வேறொரு ஊரில், சபையின் அல்லது அறக்கட்டளையின் வேறொரு நிறுவனத்தில் இருக்கட்டும். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று யுஎஸ்பி முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீண்டநாள் சேமிப்புக்கு எஸ்எஸ்டியையோ பென் டிரைவையோ நம்ப வேண்டாம்; மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அவற்றில் தரவு மங்கக்கூடும். அலுவலகக் கணினியின் இமேஜில் மாணவர் விவரங்களும் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் சேர்ந்தே இருக்கும். எடுக்கும்போதே க்ளோன்சில்லாவின் குறியாக்கத் தேர்வைக் கொடுத்து, அந்தக் கடவுச்சொல்லை மூடிய உறையில் பீரோவில் வையுங்கள்.

ஏஎம்சி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது சில வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இமேஜும் எல்லாக் கடவுச்சொற்களும் நிறுவனத்துக்குச் சொந்தம், சர்வீஸ் ஆளுக்கு அல்ல. பென் டிரைவ்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். புது மென்பொருள் ஏறினால் 15 நாளுக்குள் புது இமேஜ். காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் திரும்ப ஏற்றும் சோதனை. அது நடந்தபின்தான் அந்தக் காலாண்டின் பணம்.

அந்தச் சோதனையைச் சர்வீஸ் ஆளின் விருப்பத்துக்கு விடாதீர்கள். எந்தக் கணினி என்று நீங்களே கைகாட்டுங்கள். அதன் டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, பென் டிரைவில் பூட் செய்து இமேஜை ஏற்றச் சொல்லுங்கள். விண்டோஸ் எழுந்ததும் பைத்தானில் ஒரு நிரல் ஓட வேண்டும், பகிர்ந்த ஃபோல்டர் பக்கத்துக் கணினியிலிருந்து திறக்க வேண்டும், பிரிண்டரில் தமிழில் ஒரு பக்கம் வர வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது, எந்த இமேஜ், யார் ஏற்றினார் என்று ஆய்வகப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் கணினி ஆய்வகங்களைப் பராமரித்துவரும் சிலர்